தையலுக்கு விட்ட ஓரம்

நாத்தனார் என்னோடு பேசி மூன்று மாதமாகிறது. நான் தைத்துக் கொடுத்த சட்டையோடு ஒரு விருந்துக்குப் போய்க் கையைத் தூக்கியிருக்கிறார். பொத்தான் தெறித்துப் பக்கத்திலிருந்தவரின் சூப்பில் விழுந்துவிட்டது. குற்றம் என்னுடையதுதான், அளவெடுக்கும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்து இறுக்கமாகத் தைத்துவிட்டேன்.

அவர் வராத வீடு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. பிறந்தநாளுக்கு அவரையே வரைந்து கொடுத்துச் சமாதானமாகலாம் என்று முடிவு செய்தேன்.

காகிதத்தில் மை சிந்தினால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் தப்பான கோடு மாயம். வெட்டிய துணிக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ போயிருப்பேன். திரையில்லாத டிராயிங் பேட் ஒன்று பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது. மென்பொருள் இலவசம். வேர்த்த கை பேடில் ஒட்டாமலிருக்க கையுறை வேண்டுமாம். வீட்டுக்காரரின் சாக்ஸில் மூன்று விரலுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டேன்.

"என் இன்னொரு சாக்ஸ் எங்க?"

"படம் வரையப் போயிருக்கு."

பேடில் கை, கம்ப்யூட்டர் திரையில் கண். முதல் நாள் போட்ட மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நாலாம் நாள் பென்சில் படம் அச்சு அசல் நாத்தனார். அதன்மேல் கண்ணாடித்தாள் மாதிரி இன்னொரு லேயர் போட்டு மைக்கோடு இழுத்தேன். பென்சில் லேயரை மறைத்துப் பார்த்தேன். முகம் அவரேதான். கழுத்துக்குக் கீழே சட்டை இரண்டு சுற்றுப் பெருத்திருந்தது.

பதினெட்டு வருஷத் தையல் பழக்கம். நான் கோட்டின் மேலேயே கத்தரி வைக்க மாட்டேன், தையலுக்கு ஓரம் விட்டுத்தான் வெட்டுவேன். சட்டைக்கு மட்டும் மையையும் அப்படியே ஒரு விரல் தள்ளி ஓட்டியிருக்கிறேன்.

அழிக்கப் போனால், பின்னால் வீட்டுக்காரர் செல்போனோடு நிற்கிறார்.

"அக்காவுக்குப் படத்த அனுப்பிட்டேன். பாத்துட்டாங்க."

கால் மணி நேரத்தில் நாத்தனாரே உள்ளே வந்து நின்றார்.

"அண்ணி, அது வந்து..."

"படத்துல சட்டை எனக்கு எவ்வளவு தாராளமா இருக்கு, பாத்தியா?" பையிலிருந்து அந்தப் பொத்தான் போன சட்டையை எடுத்து என் மடியில் போட்டார். "உள்ள தையலுக்கு ஓரம் விட்டிருப்பல்ல? பிரிச்சு படத்துல இருக்க மாதிரியே தை. இந்தத் தடவயாவது வாய மூடிக்கிட்டு அளவெடு."

சாக்ஸ் மாட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் டேப்பைத் தேடினேன்.