பிரிக்காத உறை

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே அப்பாவின் கண்களை மூடினாள் லோர்னா. காலை ஆறு இருபது.

கட்டிலின் மறுபக்கம் தம்பி கர்ட்டிஸ். அழுது ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஒன்பது மணி வரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. இன்று அமெரிக்கக் காங்கிரஸ் சபைத் தேர்தல். அப்பா பத்து நாள் முன்பே தபால் ஓட்டுப் போட்டுவிட்டார். உறை கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தேர்தல் அலுவலகத்தில் இருக்கிறது. ஒன்பது மணிக்குப் பிரிப்பார்கள். அதற்குள் அவர் இறந்தது தெரிந்தால் பிரிக்கக் கூடாது. அயோவா மாநிலத்தில் அதுதான் சட்டம்.

"நம்ம வேட்பாளர் மார்லாவுக்காக ஆறு மாசம் வீடு வீடா அலைஞ்சேன். போன தடவை முப்பத்தோரு ஓட்டுல தோத்தோம். இது அப்பா கை நடுங்க நடுங்கப் போட்ட ஓட்டு. நர்ஸ் வர்றதே ஒன்பதரைக்கு. சும்மா இருந்தா போதும்."

லோர்னாவுக்கும் அந்த ஓட்டு வேண்டும்தான். காபி ஆறிப்போய்க் கிடந்தது.

அப்பா ஆர்வில் ஹாகன் இருபத்தெட்டு வருடம் இந்தக் கவுண்டியின் தேர்தல் அதிகாரியாக இருந்தவர். ஒரு வருடம் தேர்தலுக்கு முதல் நாள் அம்மா இறந்துபோனாள். மறுநாள் காலை அவளுடைய தபால் ஓட்டு உறையைத் தன் கையாலேயே எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"அது அம்மா எழுதினதுப்பா" என்று கத்தினாள் லோர்னா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

"ஆமா. அதான் வேற யாரையும் தொட விடல" என்றார்.

எட்டு நாற்பதுக்குப் போனை எடுத்தாள். அலுவலகத்தில் அப்பாவின் நாற்காலியில் இப்போது டாரல். எதிர்க்கட்சி.

"டாரல், அப்பா போயிட்டார். ஆறு இருபதுக்கு."

டாரலின் குரல் தாழ்ந்தது.

"லோர்னா, இத எங்கிட்ட சொல்றியா, ஆபீசுக்குச் சொல்றியா?"

கர்ட்டிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆபீசுக்கு."

போனில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு எல்லா நாற்காலிகளும். உறை பிரிக்க உட்கார்ந்திருந்த இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நிற்கிறார்கள் என்று புரிந்தது.

கர்ட்டிஸ் கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் காலை, அடக்கத்துக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன்.

"ஒன்பது ஓட்டு, அக்கா. தோத்துட்டோம்."

"பார்த்தேன்."

"அப்பாவோடது இருந்தா எட்டு."

"எட்டுல தோத்தாலும் தோத்ததுதாண்டா."

சிரிப்பு மாதிரி ஒரு மூச்சு. "மறு எண்ணிக்கை கேட்டிருக்கோம். தொகுதில பத்தொன்பது கவுண்டி. பதினெட்டுக்குத்தான் மனு."

"எத விட்டீங்க?"

"நம்மளத்தான். ஏன்னு கேட்டேன். கட்சி வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'அங்க எண்ணி என்ன ஆகப்போகுது, ஹாகன் பழக்கின ஆளுங்க, ஒரு ஓட்டு தப்பியிருக்காது'ன்னார். நான் ஹாகன் பையன்னு அவருக்குத் தெரியாது."

லோர்னா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பாவுக்கு டை எது கட்டறோம்?" என்றான் கர்ட்டிஸ்.

"நீலம்."

போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்து முடித்திருந்த காலரை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.