கூழுக்கு உப்பு

செகாய் அத்தை கூழ்ப்பானையின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள்.

"எனக்குப் பசிக்கல," என்றாள்.

நேற்று மஸ்விங்கோ பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்குப் பசிக்கவே இல்லை. நெட்சாய்க்கு அது ஏனென்று புரியாமலா இருக்கும்? அப்பா கடைசியாகக் குடித்தது நெட்சாய் காய்ச்சிய கூழ். குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இப்போது வட்டமான சமையல் வீட்டுக்குள் போர்வை மூடிக் கிடக்கிறார். சுற்றி உட்கார்ந்து பெண்கள் பாடி அழுகிறார்கள். பெற்ற மகளின் கண் மட்டும் காய்ந்திருக்கிறது. கூழில் எதையோ கலந்துவிட்டாள் என்று சொல்ல ஊர் வாய்க்கு இது போதாதா?

"ஒரு சொட்டு வரல பாரு," என்று அத்தை பக்கத்திலிருந்தவளிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அழாதவ கையால என் தம்பி குழியில மண்ணு விழ விடமாட்டேன். ஆமா."

நெட்சாய் அழத்தான் பார்த்தாள். நெஞ்சுக்குள் கல்லாக ஏதோ உட்கார்ந்திருந்தது. அதை அசைத்தால் தானே நொறுங்கிவிடுவோம் என்று பயந்தாள். நோயில் கிடந்த அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிய வருஷங்களில் கற்றது அது: பல்லைக் கடி, வேலையைப் பார்.

அப்போது மட்டோபே வந்தான். அப்பாவின் தொப்பி, அப்பாவின் கோட்டு, அப்பாவின் தடி. அவன் அந்தக் குடும்பத்தின் சஹ்விரா, தலைமுறை வழி வந்த சடங்கு நண்பன். செத்தவரைப் போல நடித்து எழவு வீட்டைச் சிரிக்க வைப்பது அவன் உரிமை. ஆனாலும் நெட்சாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டை எப்போது எடுத்தான்? திருப்பித் தருவானா? எழவு வீட்டில் எவன் கை எங்கே இருக்கிறது என்று யார் கண்டது?

அவன் நொண்டிக்கொண்டே நேராக அவளிடம் வந்து, பானையைத் தடியால் தட்டினான்.

"ஏண்டி நெட்சாய்! இது கூழா, குட்டைத் தண்ணியா? உப்பு எங்கடி?"

பின்னால் வந்த இருமல்கூட அப்பாவுடையதுதான். யோசிக்கும் முன்பே அவள் வாய் முந்திக்கொண்டது.

"கை நெறைய போட்டிருக்கேன்! உங்க நாக்கு செத்துப்போனா நான் என்னப்பா பண்ணுவேன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கியது, எங்கேயோ ஓரிடத்தில் சிரிப்பு ஓலமாகிவிட்டது. ஒருத்தி தண்ணீரோடு ஓடி வந்து அவளைப் பிடிக்கப் போனாள்.

"விடும்மா," என்றான் மட்டோபே, இப்போது தன் சொந்தக் குரலில். "வாசல்ல இத்தனை நேரம் காத்துக்கெடந்த விருந்தாளி இந்த அழுகை. உள்ள வந்து உக்காந்துட்டுப் போகட்டும்."

தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்தான். கோட்டையும் மடித்து வைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

நெட்சாய் வெகுநேரம் நடுங்கினாள். யாரும் அவளைத் தொடவில்லை. நடுக்கம் அடங்கியபோது மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. கல் கரைந்துவிடவில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு நிற்க முடிந்தது.

குழியில் அவளும் மண் போட்டாள். அத்தை தடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் செகாய் அத்தை பானைக்கு முன் உட்கார்ந்து தட்டை நீட்டினாள். நெட்சாய் கூழை ஊற்றினாள். அத்தை ஒரு வாய் விழுங்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"உப்பு பத்தலடி."

நெட்சாய் உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்தாள்.