குடை பிடித்தவர் முகம்

திருவள்ளூரில் பெருமாள் புறப்பாட்டுக்குக் குடை பிடிப்பது எங்கள் குடும்பத்துக்கு உரியது. என் தகப்பனார் முப்பத்தோரு வருஷம் பிடித்தார், பிறகு நான். ஐந்து வருஷமாகப் பங்காளி வெங்கட்ரமணன் அது தனக்கு என்கிறார். உற்சவக் கமிட்டி இந்த மாதம் முடிவு சொல்வதாக இருந்தது.

என் தம்பி மகன் விஷ்ணுவர்தன் அந்தப் புறப்பாட்டையே பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு விளையாட்டாக எழுதியிருந்தான். பல்லக்கை இடிக்காமல் மாடவீதியைச் சுற்றி வர வேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் அதைத் திரையிடுவதாக ஏற்பாடு. அதில் குடை பிடிப்பவர் தாத்தாதான் என்று எனக்கு வாக்குக் கொடுத்தான். வீட்டிலிருந்த அப்பாவின் ஒரே புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தபோது, கமிட்டியின் பழைய கணினியில் பல்லக்கு திக்கித் திக்கி நகர்ந்தது.

"வினாடிக்குப் பதினாலு ஃப்ரேம்தான் வரது, பெரியப்பா. நாப்பது பேர் படத்தையும் ஒவ்வொரு தடவையும் புதுசா சின்னதாக்கி வரையறது. முதல்லயே சின்னதாக்கி வெச்சுண்டா அறுபது வரும், திக்காம ஓடும்."

"அப்பா படத்துக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தாத்தாவைத் தொடுவேனா?"

கூட்டத்தன்று பல்லக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. திரை மூலையில் ஃப்ரேம் கணக்கு அறுபது என்று நின்றது. கைதட்டினார்கள். நான் குடையைப் பார்த்தேன். பல்லக்குத் தூக்குகிறவர், தீவட்டிக்காரர், மேளக்காரர் எல்லோருக்கும் ஒரே முகம். குடை பிடித்தவருக்கும் அதுவே. வெங்கட்ரமணன் முகம்.

"என்ன ஓய் சடகோபன், நன்னா பிடிக்கறேனா?" என்றார் அவர் எதிர்வரிசையிலிருந்து. கூடம் சிரித்தது.

காபிக்கு எல்லோரும் எழுந்து போனதும் விஷ்ணுவைக் கணினி முன்னால் நிறுத்தினேன்.

"நாப்பது படத்தை இந்த மெஷின் தாங்கலை பெரியப்பா. அதான் ஒரே படத்தை எல்லாருக்கும் போட்டேன்."

"முப்பத்தொம்பது பேருக்குப் போட்டுக்கோ. அப்பாவுக்குத் தனியா ஒண்ணு வை. எவ்வளவு குறையறதுன்னு பார்ப்போம்."

ஒரு வரியை மாற்றினான். அப்பா குடையோடு வந்தார். தோள் அசையாமல், ஒரு திக்கலும் இல்லாமல் நடந்தார். மூலையில் அறுபது அறுபதாகவே இருந்தது.

விஷ்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

"வெங்கட் சித்தப்பாதான் தன் முகத்தைப் போடச் சொல்லிக் கேட்டார். உற்சவத்தன்னிக்குத் தேரடியில பெரிய திரை வெச்சு இதைப் போட வைக்கறேன்னார். வெறும் விளையாட்டுதானே பெரியப்பா?"

"வெறும் விளையாட்டுக்கு அவர் ஏண்டா கேட்டார்?"

 வெளியே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "இப்படியே விட்டுடறேன். அவா வந்து பார்க்கட்டும்" என்றான் அவசரமாக.

"நீ காட்டித்தான் என் அப்பா குடை பிடிச்சது ஊருக்குத் தெரியணுமா? எடு."

எடுத்தான். திரை பழையபடி வெங்கட்ரமணனால் நிறைந்தது. கமிட்டி திரும்பி வந்து உட்கார்ந்தது. என் தரப்பைச் சொல்ல எழுந்தேன். விஷ்ணு வழக்கம்போல என் பக்கத்து நாற்காலியில் உட்கார வந்தான். நான் எதிர்வரிசையைக் காட்டினேன்.