தறிக்காலில் கட்டிய பிள்ளை

1

இந்தக் கதை ஓர் எலியிடமிருந்து வந்தது. ஒளிப்பானேன்? வெறும் கூண்டில் வளர்ந்த எலிக்குஞ்சை விட, ஏணி, சக்கரம், கூட்டாளிகள் என்று ஓடியாடி வளர்ந்த எலிக்குஞ்சுக்கு மூளை செழிப்பாக இருந்ததாம். எங்கோ படித்தேன். படித்து முடித்ததும் எலி மறந்துபோயிற்று. தறிக்காலில் கட்டிப்போட்ட ஒரு பெண்குழந்தை கண் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னை எழுது என்று அது கேட்கவில்லை. அதற்குத்தான் பேச்சே வரவில்லையே.

2

"1934ஆம் ஆண்டு, சேலம் அம்மாபேட்டையில், காலைக் கதிரவன் தன் பொன்—"

(வேண்டாம். கதிரவனுக்கு வேறு வேலை இருக்கிறது.)

"சாரதாமணிக்கு மூன்று வயது ஆகப்போகிறது; இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை."

இது நிற்கட்டும். அப்பா கந்தவேல் நெசவாளர். அம்மா பெரியநாயகி அவருக்குக் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பவள். நடக்கத் தொடங்கிய புதிதிலேயே சாரதாமணி தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலை இழுத்துப் பிய்த்துவிட்டாள். அன்றிலிருந்து பழைய சேலைக் கிழிசல் ஒன்றை இடுப்பில் சுற்றி, தறிக்காலில் ஒரு முடிச்சு. தறிக்குழிக்குள் மிதிக்கட்டையை மிதிக்கும் அப்பாவின் பாதங்கள்தான் அவள் பார்த்த உலகம். இழை அறும்போதெல்லாம் "அந்துச்சு" என்று அவர் அலுத்துக்கொள்வதுதான் அவள் கேட்ட பேச்சு.

கந்தவேலைக் கொடுமைக்காரராக்கிப் பார்த்தேன். மனம் வரவில்லை. பாவு போனால் அந்த வீட்டில் சோறும் போகும்.*

* இந்த இடத்தில் ஒரு டாக்டரை வரவழைத்து, "பிள்ளையை ஓடவிடுங்கள், மூளை வளரும்" என்று சொல்ல வைத்திருந்தேன். அந்த வருஷத்தில் அவருக்கு அது எப்படித் தெரியும்? எலி ஆராய்ச்சியே வெகுகாலம் கழித்துத்தானே வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

3

பிள்ளை ஊமையோ என்னமோ என்று அடுத்த வீட்டு முத்தாயம்மாள் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பெரியநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு எலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் கூட்டத்தில் இறக்கிவிட்டால், பிள்ளை நாலு பக்கமும் ஓடி, வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருந்தாள். கட்டிப்போட்ட இடத்தில் அந்த வாய் அசைவதே இல்லை. அவள் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அடுத்த பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தடவும் காலையில், பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கக் கூடாது என்று கந்தவேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பெரியநாயகி இறக்கிவிட்டாள்.

சாரதாமணி ஓடினாள். பாவுக்கு அடியில் புகுந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடினாள். தெருவே கத்தியது. கந்தவேல் கஞ்சிப் பிரஷைப் போட்டுவிட்டுப் பாவுக்கு அடியில் தவழ்ந்து துரத்தினார். நாளெல்லாம் தறிக்குழியில் கிடக்கும் மனிதர், முட்டியெல்லாம் மண்ணாகி, அவரை அறியாமலே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளை சட்டென்று நின்றாள். தலைக்கு மேலே விரலை நீட்டினாள்.

"அந்துச்சு."

பாவிலிருந்து ஓர் இழை அறுந்து தொங்கியது.

4

யாரும் இழையைக் கவனிக்கவில்லை என்று எழுத ஆசைதான். நெசவுத்தெருவில் அது நடக்காது. கந்தவேல் தவழ்ந்த நிலையிலேயே மனைவியைப் பார்த்தார்.

"இவ அறுத்தாளா?"

"தானா அந்துதுங்க. நாந்தான் பாத்தனே."

பொய். பெரியநாயகி அந்நேரம் பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கந்தவேல் எழுந்து இழையை முடிந்தார்.

இனி, முடிவு. பிள்ளைதான் அறுத்தாள் என்றால், நாளைக்கு மறுபடியும் தறிக்கால். தானாக அறுந்தது என்றால்—

எழுதுகிறவன் நான், குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க மாட்டேன். எலிக்காக இவளை இந்தக் கதையில் கட்டிவைத்தவனே நான்தானே.

அந்தச் சேலைக் கிழிசலை உங்களிடம் தருகிறேன். கட்ட வேண்டும் என்று தோன்றினால் கட்டுங்கள். ஆனால் சீக்கிரம் போங்கள்: நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், "அந்துச்சு, அந்துச்சு" என்று கத்திக்கொண்டே அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.