கயிற்று வாளி

கால்நடை டாக்டரம்மாவுக்கு வந்த தகவல் இதுதான். மூன்று குதிரைகளுக்குத் தாடைக்கடியில் கட்டி, மூக்கில் சீழ். அதுவும் சொந்த அக்கா புருஷனின் பண்ணையில். வேலிக்கு அப்பால் புல்வெளியில் நாற்பது காட்டுக் குதிரைகள் மேய்கின்றன. நோய் அவற்றுக்குத் தொற்ற எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் படிவம் அனுப்பியாக வேண்டும். 'அதிகம்' என்று எழுதினால் பண்ணையைப் பூட்டிவிடுவார்கள்.

எப்போதும் நோயில்லாத இடத்தை முதலில் பார்த்துவிட்டு, நோயுள்ள இடத்துக்குக் கடைசியாகப் போவதுதான் அவள் வழக்கம். இன்று தலைகீழ். சொந்தக்காரர் என்று தள்ளிப்போடுகிறாள் என ஆபீசில் வாய்க்கு வந்தபடி பேசுவார்களே. அந்தப் பயத்தில் விடிந்ததும் விடியாததுமாகப் பண்ணைக்கு ஓடினாள். அத்தான், பார்த்து எழுதும்மா என்று மட்டும் சொன்னார். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கயிற்று வாளியைக் குதிரைகள் குடிக்கும் தொட்டியில் விட்டு மாதிரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்து புல்வெளிக் குளம். அங்கேயும் வாளியை வீசி மாதிரி எடுத்தாள். தூரத்தில் மேய்ந்த ஒரு குதிரைகூட இருமவில்லை. ஒரு குட்டி தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஜீப்பில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தாள். வேலி உறுதி. பொதுவான தண்ணீர் இல்லை. ஆட்கள், கருவிகள் மூலம் பரவல்: குறைவு.

வாளியைத் தூக்கிப் பின்னால் வைக்கப் போன டிரைவர் நின்றார்.

"இது காலைல பண்ணைத் தொட்டில விட்டதுதானேம்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். விளிம்பில் சளி பாதி கரைந்து ஒட்டியிருந்தது.

"நடுவுல கழுவலையாண்ணே?"

"நீங்கதானேம்மா கிளம்பு கிளம்புன்னு பறந்தீங்க."

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

அதற்குள் குதிரைக் கூட்டம் குளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடினாள், கை தட்டினாள், தொண்டை கிழியக் கத்தினாள். குதிரைகள் நாலடி பின்வாங்கி அவளை வேடிக்கை பார்த்தன. பிறகு, இவளுக்கு வேறு வேலையில்லை என்பதுபோல மறுபடி தண்ணீருக்கே வந்தன.

குளத்தைச் சுற்றி உடனே வேலி போட ஆட்களை அனுப்பும்படி ஆபீசுக்குப் போனில் சொன்னாள். 'குறைவு' என்பதை அடித்து 'மிக அதிகம்' என்று எழுதினாள். நோய் பரவக்கூடிய வழி என்ற கட்டத்தில் பேனா தயங்கியது. பண்ணை என்று எழுதினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள், அத்தான் உட்பட.

'மதிப்பிட வந்த மருத்துவரின் கழுவாத வாளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது குட்டியும் குடித்துக்கொண்டிருந்தது.