முதல் ஆளாக ஏறுவதற்கு

சோதனை வரிசையில் சீக்கிரம் விடுவதற்கு ஒரு கட்டணம், விமானத்தில் முதல் ஆளாக ஏறுவதற்கு ஒரு கட்டணம், எது வேண்டும் என்று திண்டிவனம் டிராவல்ஸ்காரர் கேட்டபோது சிங்காரம் யோசிக்கவே இல்லை.

"ஏர்றதுதாம்பா முக்கியம். சோதிச்சா சோதிச்சிக்கினு போறான், நம்மகிட்ட இன்னா இருக்குது?"

ஆயுசெல்லாம் விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த மனுஷர். டிக்கெட்டிலேயே சீட் நம்பர் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நம்பிவிடுவாரா?

மீனம்பாக்கத்தில் சோதனை வரிசை ரேஷன் கடை வரிசையைப் போல வளைந்து கிடந்தது. பெண்கள் வரிசை சின்னது. அவர் மனைவி பவுனு அதில் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். முதலில் ஏற வேண்டியவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய அழைப்பு, அவர் இல்லாமலேயே முடிந்துபோனது.

இந்த விமானத்தை விட்டால் பம்பாயில் பதிவு அலுவலகம் மூடிவிடும். மகள் கலைப்பிரியா, பிறந்த வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வாள். மாதக்கணக்கில் அந்தக் கிறிஸ்தவப் பையன் பேச்சையே எடுக்க விடாதவர், முந்தாநாள்தான் "போலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். எங்கே, எதற்கு என்று தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"முன்னாடி நிக்கறவங்களக் கேளுங்க!" பவுனு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"அவசரம்னு சொன்னேன். யாரும் வுடல."

"இன்னா அவசரம்னு சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நான் போறேன். உங்களுக்கும் பொண்ணுதான்னா, அத வாயால சொல்லிட்டு வாங்க."

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சிங்காரத்துக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டார்.

"சார், இன்னிக்கு எம்பொண்ணுக்குக் கல்யாணம்."

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். சிங்காரம் அடுத்தவரிடம் சொன்னார், அதற்கடுத்தவரிடமும் சொன்னார். கடைசியில் வடநாட்டுக் காவலர் முன்னால் கைகளை அகல விரித்து நின்றார்.

"மாப்பிள்ள நம்ம முகையூருங்க. பேரு சவுரிராயன்."

ஒரு வார்த்தையும் புரியாத காவலர், சோதனைக் கருவியை அவர் நெஞ்சில் மெல்ல ஓட்டினார்.