நகரத் தலைவருக்கு ஒரு வீடு

ஏரிக்கரையில் எங்கள் ஊர் மீன் சந்தையைக் கட்டியது என் கணவர் சப்லோன் ஒபியேரோ. ஐஸ் ஆலையும் அவருடையதுதான். நகரசபைத் தலைவராக இருந்தபோது பெண்கள் பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். இத்தனை கட்டிய மனிதருக்குப் பிறந்த கிராமத்தில் ஒரு குடிசைகூட இல்லை.

நகரத்து மாடி வீடு எங்கள் லுவோ ஜனங்களுக்குக் கணக்கில் வராது. அது தங்குமிடம். கிராமத்தில் நிலத்தை வேலியடைத்துத் தனி வளவு போட்டு, வீடு கட்டி, அந்த முற்றத்தில் புதைக்கப்பட்டால்தான் ஒருவன் ஆள். இல்லையென்றால் அப்பாவின் வளவில், தலையெடுக்காத பையனைப் போல ஓரமாகக் கிடக்க வேண்டியதுதான். அவர் போன பிறகு எனக்கும் அங்கே உட்கார்ந்து அழ ஒரு வாசல் இருக்காது.

அண்ணன் தனி வளவு போடாமல் தம்பி போடக்கூடாது. மீறினால் குடும்பத்துக்குக் கேடு. அவருடைய அண்ணன், என் மூத்தார் ஒக்வேனோவோ அப்பாவின் வளவை விட்டு நகரவே இல்லை. என் கணவர் தகரம் அனுப்பினார், மரம் அனுப்பினார், கொத்தனாரை அனுப்பினார். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்த மனிதரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியில், "இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு? நான் நேராகக் கிராமத்துக்குப் போனேன். மூத்தார் ஆட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், உங்க தம்பி சாகக் கெடக்கிறாரு. இன்னும் என்ன வீம்பு?"

"தகரம் கொண்டாந்தியாக்கும்?"

"வேணும்னா லாரியே வரும்."

"அதான் பாரு! சந்தைக்கு அவன் பேரு, பள்ளிக்கூடத்துக்கு அவன் பேரு. என் வீட்டுக்குமா? எங்கப்பா போனதும் வீடு கட்டப் புல்லு அறுத்து அடுக்கினேன். மறுநாளே லாரி வந்து நிக்குது. 'புல்லு எதுக்குண்ணே, தலைவரோட அண்ணன் புல்லு வீட்டுலயான்னு ஊரு சிரிக்கும்'ங்கிறான். எல்லாருக்கும் குடுப்பான். என்கிட்ட எதையாவது கேட்டிருக்கானா?"

எனக்கு இது தெரியாது. திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொன்னேன்தான். என்னை அங்க கொண்டு போ."

கார் கிராமத்தில் நின்றதும் மூத்தார் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுக்குக்கூட யாரிடமும் போய் நிற்காத என் கணவர், தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக் கேட்டார்.

"அண்ணே, எனக்குப் போக வீடில்ல. நீ ஒண்ணு கட்டிக் குடு."

"தகரத்துலயா?"

"உன் புல்லுல."

மூத்தார் கதவைத் திறந்தார். "இதைக் கேக்க இவ்வளவு நாளாடா உனக்கு?" என்றார்.

முதலில் தன் வளவைப் போட்டார். அடுத்து எங்களுடையது; முறைப்படி ஒரே பகலில் முடிய வேண்டும். நகரத்துக் கொத்தனார்கள் கூட்டமாக வந்தார்கள். மூத்தார் அவர்களைப் புல் சுமக்க மட்டும் விட்டார், கூரையில் கை வைக்க விடவில்லை.

வேலை தொடங்கும் முன், அன்று விடியற்காலையில் வீட்டுக்காரர் சேவலோடு புது நிலத்துக்கு நடந்து போக வேண்டும்; அதுவும் முறை. எங்கள் மூத்த மகன் கோடரி எடுத்துக்கொண்டான், நான் நெருப்பு எடுத்துக்கொண்டேன். என் கணவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மூத்தார் குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"சேவலைக் கெட்டியாப் புடி. விட்டேன்னா உன்னையும் இறக்கி விட்டுட்டு அதைத் தொரத்தணும்."

என் கணவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்த வீட்டில் சில நாள்தான் இருந்தார். அடக்கத்துக்கு மந்திரி வந்தார். சந்தையைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். பிறகு மந்திரி வாசலில் நின்று, "இதுவும் தலைவர் கட்டினதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இது அவருக்கு அவங்க அண்ணன் கட்டிக் குடுத்தது" என்றேன்.

அதுவரை கல்லாக நின்றிருந்த மூத்தார் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.